கடும் மலேரியா: பிள்ளைக்கு ஒரு வழி, பெரியவருக்கு ஒரு வழி

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு என் மச்சானின் மகன் மொசாம்பிக்கில் ஒரு வேலைக்குப் புறப்பட்டான். பயணத்துக்கு முதல்நாள், கொக்கட்டிச்சோலைப் பக்கமுள்ள அவர்கள் வீட்டு முற்றத்தில் சொந்தக்காரர் எல்லோரும் கூடியிருந்தோம். "அங்க மலேரியா இருக்காம் மனே, கவனம்" என்று மாமி சொல்ல, பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. "அது சின்னப் பிள்ளைகளைத்தான் கொல்லும். இவன் இளந்தாரி, ஒண்டும் செய்யாது" என்றார் ஒருவர். "ஆர் சொன்னது? பெரியாக்களுக்குத்தான் சிறுநீரகம் அடிபட்டுப் போகும்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், "நாங்க சின்ன வயசில பத்துத் தரம் மலேரியா கண்ட ஆக்கள். எங்கட இரத்தத்துக்கு அது பழகிப் போச்சு" என்று முடித்து வைத்தார்.

மூன்று பேச்சிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் எதையும் முழுதாக நம்பிவிட முடியாது. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். அன்று முற்றத்தில் அவசரமாகச் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். மலேரியா பிள்ளையை எப்படித் தாக்குகிறது, பெரியவரை எப்படித் தாக்குகிறது, வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால், அந்த மூன்று பேரும் எந்த இடத்தில் தடுக்கி விழுந்தார்கள் என்பதும் தெரியும்.

முதலில், எது கடும் மலேரியா?

மலேரியாவை உண்டாக்குவது ஒரு ஒட்டுண்ணி. அதாவது, இன்னோர் உயிரின் உடம்புக்குள் குடியிருந்து, அதன் செலவில் வாழ்ந்து பெருகும் நுண்ணுயிர். அனோபிலிஸ் என்ற இன நுளம்பின் பெண் கடிக்கும்போது அது நம் இரத்தத்தில் இறங்குகிறது. முதலில் ஈரலுக்குள் போய் ஒரு வாரமளவு சத்தமில்லாமல் பெருகும். அந்த நாட்களில் காய்ச்சல் எதுவும் இராது. பிறகு வெளியே வந்து செங்குழியங்களுக்குள் நுழைகிறது. ஒட்சிசனைச் சுமந்து திரிகிற சிவப்பு இரத்தக் கலங்களைத்தான் செங்குழியம் என்கிறோம்.

எங்கள் ஊர்களில் முன்பு அதிகம் இருந்தது விவாக்ஸ் என்ற வகை. நடுக்கி எடுக்கும், ஆளை உருக்கும், மாதங்கள் கழித்துத் திரும்பவும் வரும். ஆனால் அது பெரும்பாலும் இளம் செங்குழியங்களை மட்டுமே தேடிப் போவதால் இரத்தத்தில் அதன் தொகை ஓர் அளவுக்கு மேல் ஏறுவதில்லை. பல்சிபாரம் என்ற வகைக்கு அந்தத் தெரிவு கிடையாது. இளசோ முதிர்ந்ததோ எந்தச் செங்குழியத்துக்குள்ளும் அது புகும். உள்ளே போன ஒன்று 48 மணித்தியாலத்தில் 16 முதல் 30 வரையான குஞ்சுகளாகி, கலத்தை வெடித்துக்கொண்டு வெளியே வரும். அந்தக் குஞ்சுகள் ஒவ்வொன்றும் இன்னொரு கலத்தைப் பிடிக்கும்.

காய்ச்சல் எவ்வளவு அடிக்கிறது என்பதை வைத்து மலேரியாவைக் கடுமையானது என்று சொல்வதில்லை. காய்ச்சலைத் தாண்டி உடம்பின் ஒரு முக்கிய உறுப்பு வேலை செய்யத் தடுமாறத் தொடங்கினால்தான் மருத்துவத்தில் அது கடும் மலேரியா. நினைவு தப்புதல், திரும்பத் திரும்ப வலிப்பு, இரத்தம் வற்றுதல், மூச்சுத் திணறல், சிறுநீர் நின்றுபோதல் எல்லாம் அதன் முகங்கள். பெரும்பாலும் இதைச் செய்வது பல்சிபாரம்தான்.

வாய்க்காலை அடைக்கும் ஆற்றுவாழை

இந்த நோயின் சூட்சுமம் முழுக்க ஒரே இடத்தில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

உன்னிச்சைக் குளத்தின் மதகைத் திறந்தால் பெரிய வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்து வரும். அது கிளை வாய்க்காலாகப் பிரிந்து, கடைசியில் வட்டையின் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு சாண் அகல வாயால் நுழையும். இப்போது வாய்க்காலில் ஆற்றுவாழை மிதந்து வருகிறது என்று வையுங்கள். பெரிய வாய்க்காலில் அதனால் ஒரு தொல்லையும் இல்லை, மிதந்துகொண்டே போய்விடும். ஒரு சாண் வாயில் போய்த்தான் அது சிக்கும். ஒன்று சிக்கினால் அடுத்தது அதில் மாட்டும். குளத்தில் தண்ணீர் நிறைய இருக்கும். மேலே நின்று பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கடைசி வயல் மட்டும் காய்ந்து வெடிக்கும்.

உடம்பில் அந்தச் சாண் அகல வாய்தான் மயிர்த்துளைக்குழாய். உறுப்புகளுக்குள் ஒட்சிசனும் சீனியும் கைமாறுவது இந்த மிக நுண்ணிய குழாய்களில்தான். சில இடங்களில் அது செங்குழியத்தைவிட ஒடுக்கமானது. நல்ல செங்குழியம் இறப்பர்போல மடங்கி நுழைந்து போய்விடும். பல்சிபாரம் புகுந்த செங்குழியமோ விறைத்துவிடுகிறது. அதோடு ஒட்டுண்ணி வளர வளர, கலத்தின் வெளிப்புறத்தில் சிறு சிறு குமிழ்கள் முளைக்கின்றன. அவை குழாயின் சுவரில் பசைபோல ஒட்டும். ஒட்டுண்ணிக்கு இதில் ஒரு இலாபம் உண்டு. இரத்தத்தோடு ஓடினால் மண்ணீரல் அதை வடித்து அழித்துவிடும். சுவரோடு ஒட்டிக்கொண்டால் தப்பிவிடலாம். அது தப்பிக்கச் செய்கிற வேலையால் மூளையோ சிறுநீரகமோ ஈரலோ பட்டினி கிடக்கிறது.

விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதற்கும் இதோடு தொடர்பு உண்டு. கண்ணாடித் துண்டில் ஒரு துளியைத் தடிப்பாகவும் இன்னொன்றை மெல்லிதாகவும் பூசி, ஊதா மையில் தோய்த்து, நுணுக்குக்காட்டியில் பார்த்தால் செங்குழியத்துக்குள் கல் பதித்த மோதிரம்போல ஒட்டுண்ணி தெரியும். அந்த மோதிரம் இளம் பருவம். முதிர்ந்தவை ஆழத்தில், உறுப்புகளுக்குள் ஒட்டிக் கிடப்பதால் விரல் நுனி இரத்தத்தில் குறைவாகவே வரும். ஒரு தடவை பார்த்து இல்லை என்றாலும், சந்தேகம் இருந்தால் வைத்தியர்கள் மறுபடி மறுபடி எடுத்துப் பார்ப்பது அதனால்தான்.

இன்னொன்று. "காய்ச்சல் மூளைக்கு ஏறிட்டுது" என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். மூளை மலேரியா என்ற பெயரைக் கேட்டு, கிருமி மூளைக்குள் புகுந்து தின்கிறது என்று நினைக்கிறவர்களும் உண்டு. பல்சிபாரம் மூளையின் சதைக்குள் போவதே இல்லை. அது கடைசிவரை இரத்தக்குழாய்க்குள்தான் நிற்கிறது. மூளைக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் மற்ற நோய்களிலிருந்து இது வேறுபடுவது இந்த இடத்தில்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கிருமி ஒன்று, அடைக்கும் முறையும் ஒன்று. குழந்தைக்கும் கிழவருக்கும் வாய்க்கால் அடைபடும் விதம் ஒரேமாதிரித்தான். எந்த வயல் முதலில் காய்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஒரே வீட்டில் இரண்டு நோயாளி

1990களின் நடுப்பகுதி. எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் ஒரு தகப்பன், தாய், நான்கு வயது மகள். மாரி முடிந்து, ஓடைகளில் தண்ணீர் வற்றி மடு மடுவாகத் தேங்கி நின்ற காலம். அந்த மடுக்களில்தான் எங்கள் நாட்டின் பிரதான மலேரியா நுளம்பு, அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ், முட்டை இடும். தகப்பன் யானைக் காவலுக்கு வயல் வாடியில் படுக்கிறவர். சில நாட்களில் மகளும் அடம்பிடித்துக்கொண்டு கூடப் போவாள்.

தகப்பனுக்கு முதலில் காய்ச்சல் வந்தது. கைவைத்தியமும் பனடோலுமாக ஐந்தாறு நாள் எழும்பி நடந்துகொண்டுதான் இருந்தார். அதற்கிடையில் ஒரு காலையில் பிள்ளைக்குக் காய்ச்சல். பின்னேரம் இரண்டு தரம் சத்தி. அடுத்த நாள் விடிய வலிப்பு வந்து, வலிப்பு நின்ற பிறகும் பிள்ளை கண் திறக்கவில்லை. காய்ச்சல் தொடங்கி முழுதாக ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அப்போது மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கப் பாலம் கிடையாது. அது 2014 இல்தான் வந்தது. பிள்ளையைச் சேலையில் சுற்றி, பாதைப்படகு இந்தக் கரைக்கு வரும்வரை தாய் துறையில் நின்ற நிற்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. பாதைப்படகில் ஏறியதும் ஒரு வயதானவர் பிள்ளையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை, சுண்ணாம்புபோல வெளிறியிருந்தது.

மகளை ஆஸ்பத்திரியில் விட்டு இரண்டாம் நாள், பார்க்கப் போன தகப்பனை அங்கிருந்த தாதி உற்றுப் பார்த்தாராம். கண் மஞ்சளாக இருந்தது. "கடைசியா எப்ப சலம் போனீங்க?" என்று கேட்டிருக்கிறார். முந்தைய நாள் மத்தியானம். அவரையும் அங்கேயே மறித்து வைத்துக்கொண்டார்கள்.

இருவருக்கும் பல்சிபாரம். பிள்ளைக்கு மூளையும் இரத்தமும். தகப்பனுக்கு ஈரலும் சிறுநீரகமும். பிள்ளை இரண்டாம் நாள் இரவே கண் விழித்துத் தண்ணீர் கேட்டது. தகப்பன் சிறுநீர் சரியாகப் போய் வீடு திரும்ப மூன்று கிழமைக்கு மேல் எடுத்தது. அன்று இது எனக்குப் புதிராக இருந்தது. பிற்காலத்தில் வாசித்தபோதுதான், மருத்துவப் புத்தகத்தில் உள்ள வேறுபாட்டை அந்த வீடு அப்படியே காட்டியிருக்கிறது என்று விளங்கியது.

பிள்ளையின் உடம்பில் நடப்பது

பிள்ளைக்கு எல்லாம் விரைவு. காய்ச்சல் தொடங்கி ஒன்றிரண்டு நாளில் நிலைமை கைமீறலாம். குளிர், நடுக்கம், வியர்வை என்ற அந்தப் பழைய வரிசையைச் சின்னப் பிள்ளையில் எதிர்பார்க்கக் கூடாது. பால் குடிக்காது, சத்தி எடுக்கும், இருமும், சோர்ந்து தோளில் சாயும், அவ்வளவுதான். "குளிரடிக்கேல்லயே, அப்ப மலேரியா இல்ல" என்ற கணக்கு எத்தனையோ பேரைத் தவற விட்டிருக்கிறது.

மூளை முதலாவது. நான்கைந்து வயதுப் பிள்ளையின் உடம்பு ஒரு நாளில் செலவழிக்கும் சக்தியில் பாதிக்குக் கிட்ட மூளைக்கே போகிறது. பெரியவரில் அது ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே வாய்க்கால் அடைபடும்போது பிள்ளையின் மூளை முந்திக்கொண்டு பட்டினி கிடக்கும். அதோடு வீக்கமும் சேர்கிறது. மலாவியில் மூளை மலேரியாப் பிள்ளைகளை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2015 இல் வெளிவந்தது. இறந்துபோன 25 பிள்ளைகளில் 21 பேருக்கு மூளை மிக மோசமாக வீங்கியிருந்தது. பிழைத்தவர்களில் நாலில் ஒரு பங்கினருக்கு மட்டுமே அந்த அளவு வீக்கம். மண்டையோடு விரியாது. வீங்கிய மூளை கீழ்நோக்கி அமுங்கும்போது, மூச்சை நடத்துகிற அடிப்பகுதி நசிந்து மூச்சு நின்றுவிடும். பெரியவர்களில் இவ்வளவு வீக்கம் அரிது.

இரண்டாவது, இரத்தம் வற்றுதல். ஒட்டுண்ணி புகுந்த கலங்கள் வெடிப்பது ஒரு பக்கம். மண்ணீரல் கலவரப்பட்டு நல்ல கலங்களையும் சேர்த்து அழிக்கிறது. எலும்பு மச்சையோ புதிதாக உண்டாக்கும் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. வரவு குறைந்து செலவு கூடிய வீடு மாதிரி. ஏற்கெனவே இரும்புச் சத்துக் குறைந்த, வயிற்றுப் பூச்சித் தொல்லை உள்ள, முந்தைய மாதமும் மலேரியா கண்ட பிள்ளையின் கையிருப்பு என்னவாக இருக்கும்? செங்குழியத்துக்குள் ஒட்சிசனைப் பிடித்து வைக்கும் புரதம் ஈமோகுளோபின். நல்ல பிள்ளையில் 100 மில்லி லீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் இருக்க வேண்டியது, கடும் மலேரியாவில் 5 கிராமுக்கும் கீழே விழும். உள்ளங்கை வெள்ளைத் தாள் மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவதாக மூச்சு. இதில்தான் ஏமாறுவது அதிகம். பிள்ளை ஆழமாக, பெரிதாக, களைத்துக் களைத்து மூச்சு வாங்கும். நெஞ்சில் சளி, நியுமோனியா என்றுதான் எவரும் நினைப்பார்கள். பல வேளைகளில் நுரையீரல் நன்றாகவே இருக்கும். ஒட்சிசன் கிடைக்காத கலங்கள் லக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. இரத்தம் புளிக்கத் தொடங்குகிறது. அந்தப் புளிப்பைக் காபனீரொட்சைட்டாக வெளியே தள்ளத்தான் உடம்பு அப்படி மூச்சை இழுக்கிறது.

அதோடு இரத்தத்தில் சீனி இறங்கிவிடும். பிள்ளையின் ஈரலில் சேமிப்புக் குறைவு. சாப்பிடாமல் அரை நாள் கிடந்தாலே தீர்ந்துபோகும். வலிப்பு, நினைவிழப்பு இரண்டையும் இது இன்னும் கூட்டும். பெரியவரில் சிகிச்சைக்கு முன்பே சீனி இறங்குவது அவ்வளவு பொதுவானது கிடையாது. கர்ப்பிணிகளிலும், பழைய மருந்தான குயினைன் ஏற்றியவர்களிலும் கவனிக்க வேண்டிய விஷயம் அது.

சரி, நல்ல செய்தியும் இருக்கிறது. மருந்து சரியான நேரத்தில் போனால் பிள்ளை எழும்பும் வேகம் வியப்பானது. நினைவு தப்பிய பிள்ளை பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் கண் விழிக்கும். பெரியவர் இரண்டு முதல் நான்கு நாள் எடுப்பார். ஆனால் மூளையில் தழும்பு மிஞ்சுவது பிள்ளையில்தான் கூட. கை கால் இழுப்பு, பேச்சுத் தடுமாற்றம், பிற்காலத்தில் வலிப்பு, படிப்பில் பின்தங்கல் என்று அது தொடரலாம். அடுத்த வளவுப் பிள்ளை நன்றாக ஓடி விளையாடினாள். எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் அவளுக்கு மற்றப் பிள்ளைகளைவிட இரண்டு வருடம் கூட எடுத்தது. காரணம் அந்தக் காய்ச்சல்தான் என்று உறுதியாகச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் அவள் பிந்தி வாசித்ததை "மொக்கு" என்று சொன்னவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது.

ஆகவே பிள்ளையில்: மூளை, இரத்தம், புளித்த இரத்தத்தால் வரும் மூச்சு, சீனி இறங்குதல். வருவதும் விரைவு, மருந்து கிடைத்தால் போவதும் விரைவு.

பெரியவரின் உடம்பில் நடப்பது

பெரியவரில் நோய் ஆறுதலாக நடந்து வரும். ஐந்து நாள், ஏழு நாள் காய்ச்சலோடு திரிந்த பிறகு விழுவார். அப்படி விழும்போது ஒரு உறுப்பு மட்டும் விழுவதில்லை.

கண் மஞ்சளாவது பெரியவரில் பொதுவான அடையாளம். நம் ஆட்கள் செங்கண்மாரி என்று கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டு இருந்துவிடுவார்கள், அதில் இரண்டு நாள் போய்விடும். சிறுநீர் குறைந்து, தேத்தண்ணிச் சாயம் மாதிரி வந்து, நின்றும் போகலாம். சிறுநீரகம் செயலிழப்பது பிள்ளைகளில் குறைவு, பெரியவரில் அடிக்கடி காண்பது. அதுதான் உயிரைப் பறிக்கும் பெரிய காரணங்களில் ஒன்று. நுரையீரலுக்குள் நீர் கோர்ப்பது அதைவிட மோசம். மருந்து தொடங்கி, காய்ச்சல் இறங்கி, ஆள் தேறிவிட்டார் என்று வீட்டுக்காரர் மூச்சு விடும்போதுகூட அது வரலாம். பிள்ளைக்கு மூச்சு வாங்குவது இரத்தம் புளித்ததால் என்றேன். பெரியவருக்கு மூச்சு வாங்கினால், நுரையீரலே நனைந்த கடற்பஞ்சு மாதிரி ஆகியிருக்கக்கூடும். வெளியே ஒரே அறிகுறி, உள்ளே வேறு வேறு சங்கதி.

இந்த இடத்தில் சேலைன் பற்றி ஒரு வார்த்தை. "ஆள் கிறுகிறுத்துப் போய்க் கிடக்கு, ஒரு சேலைன் ஏத்தச் சொல்லுங்க" என்பது எங்கள் ஊரில் எல்லா நோய்க்கும் சொல்லும் பரிகாரம். நுரையீரலில் நீர் கோர்க்கும் நிலையில் உள்ள பெரியவருக்கு அது மேலும் நீர் ஊற்றுவதாக ஆகிவிடும். பிள்ளைக்கும் அது பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கென்யா, உகண்டா, தன்சானியாவில் கடும் காய்ச்சலும் இரத்த ஓட்டக் குறைவும் உள்ள 3,000க்கு மேற்பட்ட பிள்ளைகளில் நடந்த ஆய்வு 2011 இல் வெளிவந்தது. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மலேரியா. வேகமாக நிறையச் சேலைன் ஏற்றிய பிள்ளைகளில் 100க்கு 10 பேர் அளவில் இரண்டு நாளுக்குள் இறந்தார்கள். அப்படி ஏற்றாதவர்களில் 7 பேர். எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதை வைத்தியரிடம் விடுவதுதான் நோயாளிக்கு நல்லது.

இன்று கடும் மலேரியாவுக்கு முதல் மருந்து ஆர்ட்டிசுனேட் ஊசி. சீனாவில் ஒரு மாசிபத்திரி இனச் செடியிலிருந்து வந்த மருந்துக் குடும்பம் இது. அதைக் கண்டெடுத்த தூ யூயூ 2015 இல் நோபல் பரிசு பெற்றார். பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒரே மருந்துதான். ஆனால் 20 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கிலோ கணக்கில் பெரியவரைவிடச் சற்றுக் கூடக் கொடுக்க வேண்டும். சின்ன உடம்பு அந்த மருந்தை விரைவாகக் கழித்துவிடுகிறது.

உடம்பின் வயதும் இரத்தத்தின் வயதும்

முற்றத்துப் பேச்சில் எல்லோரும் குழம்பியது இந்த இடத்தில்தான். "பிள்ளை, பெரியவர்" என்று நாம் சொல்லும்போது இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் கலக்குகிறோம். ஒன்று உடம்பின் வயது. மற்றது, மலேரியாவோடு அந்த இரத்தத்துக்கு உள்ள பழக்கத்தின் வயது.

உடம்பு ஒரு கிருமியை அடையாளம் கண்டு அடக்கப் பழகுவதை நோய் எதிர்ப்புச் சக்தி என்கிறோம். சின்னம்மைக்கு ஒரு தரம் பழகினால் பெரும்பாலும் வாழ்நாளுக்குப் போதும். மலேரியாவில் அப்படி இல்லை. கூத்தில் ஒரே ஆள் முதலில் ஒரு உடுப்பில் வருவார், பிறகு வேறு உடுப்பில் வேறு பாத்திரமாக வருவார், சபையிலுள்ள சின்னப் பிள்ளைக்கு அது அதே ஆள் என்று பிடிபடாது. செங்குழியத்தில் குமிழ் முளைக்கிறது என்றேனே, அந்தக் குமிழின் ஒட்டும் புரதத்துக்குப் பல்சிபாரம் ஒவ்வொன்றிடமும் ஏறத்தாழ 60 உடுப்புகள் உண்டு. ஒன்றை உடம்பு அடையாளம் கண்டதும் அடுத்ததை மாற்றிக்கொள்ளும். திரும்பத் திரும்பக் கடிபட்டுத்தான் இந்த உடுப்புகளை ஒவ்வொன்றாகப் பழக வேண்டும்.

ஆபிரிக்காவின் மலேரியா மிகுந்த கிராமத்தில் பிறக்கும் குழந்தைக்கு முதல் சில மாதம் தாயிடமிருந்து வந்த பாதுகாப்பு இருக்கும். அது தேய்ந்த பிறகு ஐந்து வயதுவரை பெரும் ஆபத்துக் காலம். அதைத் தாண்டிய பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், கடும் நோய் அரிதாகும். இருபது வயதில் இரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தபடியே வயலுக்குப் போய்வருவார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2023 இல் மலேரியாவால் இறந்தோர் சுமார் 5 இலட்சத்து 97 ஆயிரம். அதில் 100க்கு 95 ஆபிரிக்கப் பிராந்தியத்தில். அங்கே இறந்தவர்களில் நாலில் மூன்று பங்குக்குக் கிட்ட ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். "சின்னப் பிள்ளைகளைத்தான் கொல்லும்" என்றவர் கேட்ட செய்தி இதுதான்; பொய் இல்லை.

ஆனால் அந்தக் கணக்கு, யார் கடும் மலேரியாவில் விழுகிறார்கள் என்பதைச் சொல்கிறது. விழுந்த பிறகு யார் பிழைக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. ஆர்ட்டிசுனேட்டையும் குயினைனையும் ஒப்பிட்ட இரண்டு பெரிய ஆய்வுகளைப் பாருங்கள். 2005 இல் வெளிவந்தது பங்களாதேஷ், இந்தியா, இந்தோனேசியா, மியன்மாரில் பெரும்பாலும் பெரியவர்களில் நடந்தது. 2010 இல் வந்தது ஆபிரிக்கப் பிள்ளைகளில். நல்ல மருந்தான ஆர்ட்டிசுனேட் கிடைத்தும் ஆசியாவில் 100க்கு 15 பேர் இறந்தார்கள், ஆபிரிக்கப் பிள்ளைகளில் 100க்கு 8 அல்லது 9 பேர். நாடு வேறு, வசதி வேறு என்று நீங்கள் கேட்கலாம். ஆசிய ஆய்வில் இருந்தவர்களையே வயதுவாரியாகப் பிரித்தும் பார்த்திருக்கிறார்கள். 10 வயதுக்குக் கீழ் 100க்கு 6 இறப்பு. 50 வயதுக்கு மேல் 36.

வாவியில் தவறி விழுகிறவர்களில் நீந்தப் பழகாத பிள்ளைகள் அதிகம். ஆனால் நீந்தத் தெரியாத ஒரு பெரியவர் ஆழத்தில் விழுந்தால், அவர் வயது அவரை மிதக்க வைக்காது.

மொத்தத்தில்: பழக்கமில்லாத இரத்தம் கடும் நோயில் விழ வைக்கிறது. எந்த உறுப்பு போகும், விழுந்தவர் எழும்புவாரா என்பதை உடம்பின் வயது பெருமளவு தீர்மானிக்கிறது.

எங்கள் இரத்தத்தின் வயது என்ன?

இலங்கையே இதற்கு ஒரு பாடம். 1934, 35 இல் நாட்டைப் பிடித்த மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். அந்த இடி விழுந்தது எப்போதும் மலேரியா இருந்த நம் போன்ற வறண்ட பிரதேசங்களைவிட, மழை மிகுந்த தென்மேற்குப் பக்கத்தில்தான் பலமாக. மழை பொய்த்து, ஓடிய ஆறுகள் மடுக்களாக, நுளம்பு பெருகியது. அங்கிருந்த பெரியவர்களின் இரத்தத்துக்கு இந்த நோயோடு பழக்கம் குறைவு. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அதே காலத்துப் பிள்ளைகள் வீங்கிய மண்ணீரலோடு வளர்ந்து, அந்த விலையைக் கொடுத்துத்தான் பழக்கத்தை வாங்கினார்கள்.

பிறகு நுளம்பைக் கொல்லும் டீ.டீ.டீ. மருந்து வந்தது. 1963 இல் நாடு முழுக்க 17 நோயாளிகள் என்ற நிலைக்கு இறங்கி, சில வருடத்தில் இலட்சக்கணக்கில் திரும்ப ஏறியது. யுத்தத்துக்குள் வடக்கும் கிழக்கும் மிகவும் அடிபட்டன. 1999 இல் நாட்டில் 2 இலட்சத்து 64 ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள். அந்த நிலையிலிருந்து 2012 ஒக்ரோபரில் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி. 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ். கண்ணாடித் துண்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரு பக்கமும் சோதனைச்சாவடி தாண்டி வீடு வீடாக வந்த ஊழியர்களை என் கண்ணால் கண்டவன் நான். அவர்களுக்கு இந்த மண் கடன்பட்டிருக்கிறது.

அந்த வெற்றிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. மலேரியாவின் பழக்கம் தொடர்ந்து கடிபட்டால்தான் நிலைக்கும், விட்டால் தேய்ந்துவிடும். முற்றத்தில் "பத்துத் தரம் கண்ட ஆக்கள்" என்று சொன்ன பெரியவருக்குக் கடைசியாக மலேரியா வந்து இருபத்தைந்து வருடம் இருக்கும். அதுவும் பெரும்பாலும் விவாக்ஸாக இருந்திருக்கும். அது பல்சிபாரத்துக்கு எதிராகப் பெரிதாகக் கைகொடுக்காது. இன்று வாகரையிலிருந்து பொத்துவில் வரை எந்தக் கிழவரின் இரத்தமும் இந்த விஷயத்தில் கைக்குழந்தையின் இரத்தம்தான். உடம்பு மட்டும் பெரியவருடையது. பிள்ளையைப்போல எளிதில் விழுவோம், பெரியவரைப்போலச் சிறுநீரகமும் நுரையீரலும் போகும்.

நுளம்பும் இன்னும் இங்கேதான் இருக்கிறது. போதாததற்கு, பட்டணத்துக் கிணறுகளிலும் தண்ணீர்த் தாங்கிகளிலும் வளரும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி 2017 இல் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. 2018 இல், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து நுளம்பு வழியாக இங்குள்ள ஒருவருக்குத் தொற்றியதும் பதிவாகியிருக்கிறது.

டெங்கு என்று நினைத்துக்கொண்டு

இப்போது எங்கள் பக்கம் காய்ச்சல் என்றால் டெங்கு. இரத்தம் சோதித்து இரத்தச் சிறுதட்டு குறைந்திருந்தால் டெங்குதான் என்று வீட்டுக்காரரே தீர்மானித்துவிடுவார்கள். மலேரியாவிலும் சிறுதட்டு குறையும். வழமையான இரத்தச் சோதனையில் மலேரியா ஒட்டுண்ணி தானாகத் தெரியவராது. அதற்கென்று தனியாகப் பார்க்க வேண்டும். பார்க்கச் சொல்லி வைத்தியருக்குத் தோன்ற வேண்டுமானால், நோயாளி எங்கே போய்வந்தார் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். இருபது வருடம் முன்பு கேட்காமலே மலேரியாவுக்குப் பார்த்தார்கள். இன்று ஒரு மலேரியா நோயாளியைக்கூடக் காணாமல் படித்து முடித்த இளம் வைத்தியர்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை.

மச்சானின் மகன் புறப்படும் முன் அரசின் மலேரியா தடை இயக்கத்தின் ஆட்களிடம் போய்த் தடுப்புக் குளிசை எடுத்துக்கொண்டான். அதற்குக் காசு இல்லை. வகையைப் பொறுத்து, திரும்பி வந்த பிறகும் நாலு கிழமை வரை விழுங்க வேண்டியிருக்கும். சிலர் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். "ரெண்டு வருசம் அங்கயே இருந்தா எனக்கும் பழகிடாதா மாமா?" என்று கேட்டான். பழகுவதற்குள் எத்தனை தரம் விழ வேண்டும் என்று அந்த நாட்டுத் தாய்மாரைக் கேட்டுப் பார் என்றேன்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு லீவில் வருகிறானாம். வந்த பிறகு சில மாதங்களுக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், கேட்கும் முன்னரே சொல்ல வேண்டியதை ஒரு துண்டில் எழுதிக் கடவுச்சீட்டுக்குள் வைத்துவிட்டேன்: "மொசாம்பிக்கில் இருந்து வந்தனான். மலேரியாவுக்கு இரத்தம் பாருங்க." மாமி அதை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, அவன் வந்தால் படுக்கும் அறையிலும் பக்கத்தில் பேரப்பிள்ளைகள் படுக்கும் அறையிலும் நுளம்பு வலைக்குக் கொழுக்கி அடிக்கச் சொன்னார். நான்கு கொழுக்கி அவனுக்கு, எட்டு பிள்ளைகளுக்கு.